கடிகாரம் மாறும் வாரத்தில் உடலைக் காப்பது எப்படி?

கோடைக்கால நேரம் என்றால் என்ன?

கோடை தொடங்கும் முன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, குளிர்காலம் நெருங்கும்போது பழைய இடத்துக்கே திருப்பி வைக்கும் முறைக்குப் பகலொளி சேமிப்பு நேரம் என்று பெயர். ஐரோப்பாவில் இதைக் கோடைக்கால நேரம் என்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3 மணிக்குத் தாவும். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி மறுபடியும் 1 மணி ஆகும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றம் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னியும் மெல்பர்னும் அக்டோபரில் முன்னே போய் ஏப்ரலில் பின்னே வருகின்றன. குயின்ஸ்லாந்து மாநிலம் இதைப் பின்பற்றுவதில்லை.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். லண்டனிலோ ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இருக்காது. கோடையில் ஊர் உறங்கும்போதே விடிந்துவிடுகிற அந்த அதிகாலை வெளிச்சத்தை மாலைப் பொழுதுக்குக் கொண்டுவருவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். முதல் உலகப் போரின்போது எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி இதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது. சில வாரங்களில் பிரிட்டனும், 1918இல் அமெரிக்காவும் பின்தொடர்ந்தன. இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது.

உடலுக்குள் ஓடும் கடிகாரம்

சுவர்க் கடிகாரத்தை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். உடலின் கடிகாரம் அப்படி மாறாது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, நரம்பணுக்களின் சிறு தொகுதி ஒன்று இருக்கிறது. தூக்கம், விழிப்பு, உடல் வெப்பம், இரத்த அழுத்தம், ஹார்மோன் சுரப்பு ஆகியவற்றின் அன்றாட ஏற்ற இறக்கங்களை ஒழுங்குபடுத்துவது இதுதான். உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கண்ணில் விழும் ஒளியே இந்தக் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. காலை வெளிச்சம் அதை முன்னே தள்ளுகிறது. இரவு வெளிச்சம் பின்னே இழுக்கிறது. இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் உடலைத் தூக்கத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. மனித உடலின் இயல்பான சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் பலருக்குத் தாமதமாகத் தூங்குவது எளிது, முன்கூட்டித் தூங்குவது கடினம். நவம்பர் மாற்றத்தைவிட மார்ச் மாற்றம் உடலை அதிகம் வாட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மார்ச் மாற்றத்தில் நடப்பது

டொராண்டோவில் மார்ச் இரண்டாம் வாரம் சூரியன் ஏறத்தாழ 6.40 மணிக்கு உதிக்கும். கடிகாரம் மாறியதும் அதே உதயம் 7.40 ஆகிவிடும். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு அலாரம் அடிக்கும்போது உடலுக்கு மணி 5தான். பிள்ளைகளை எழுப்பி, குளிக்கவைத்து, பள்ளிப் பேருந்துக்கு அனுப்பும்போதும் வெளியே இருள் விலகியிருக்காது. உடலின் கடிகாரத்தை முன்னே தள்ள வேண்டிய காலை வெளிச்சம் குறைகிறது. அதைப் பின்னே இழுக்கும் மாலை வெளிச்சம் கூடுகிறது. ஆகவே புதிய நேரத்துக்குப் பழகச் சிலருக்கு இரண்டொரு நாள் போதும், வேறு சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும்.

அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றத்துக்கு அடுத்த நாள் பணியிடக் காயங்கள் சுமார் 6 சதவீதம் கூடியதாகக் கண்டது. மார்ச் மாற்றத்தின்போது மக்கள் சராசரியாக 40 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள் என்றும் அது கணக்கிட்டது. அமெரிக்கச் சாலை விபத்துகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், மாற்றத்தைத் தொடர்ந்த வேலை நாட்களில் உயிர்ப்பலி வாங்கும் விபத்துகள் சுமார் 6 சதவீதம் அதிகமாக இருந்தன.

இதயத்தைப் பொறுத்தவரை கணக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுவீடனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வு, மார்ச் மாற்றத்துக்குப் பிந்தைய முதல் வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 சதவீதம் உயர்ந்ததாகக் கூறியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2014இல் வெளியான ஆய்வில் திங்கட்கிழமை மட்டும் 24 சதவீத உயர்வு தெரிந்தது. ஆனால் வாரத்தின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. எல்லா ஆய்வுகளிலும் இந்த உயர்வு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆரோக்கியமானவர்கள் அஞ்சத் தேவையில்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் அந்த வாரத்தில் தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

நவம்பர் மாற்றமும் மன நலமும்

கடிகாரம் பின்னே போகும்போது கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம் கிடைப்பதாகத் தோன்றும். ஆனால் பலர் வழக்கமான நேரத்திலேயே விழித்துக்கொள்வதால் அந்தத் தூக்கம் முழுதாகக் கிடைப்பதில்லை. அதைவிடப் பெரிய மாற்றம் மாலையில் நிகழ்கிறது. வேலை முடிந்து வெளியே வரும்போதே இருட்டிவிடுவதால் நடைப்பயிற்சி குறைகிறது, ஆட்களைப் பார்ப்பது குறைகிறது, வெயில் படுவது அறவே நின்றுபோகிறது. டென்மார்க்கில் 2017இல் வெளியான ஆய்வு, இலையுதிர்கால மாற்றத்தை அடுத்து மனச்சோர்வுக்காக மருத்துவமனையை நாடியவர்கள் சுமார் 11 சதவீதம் கூடியதாகப் பதிவு செய்தது. அந்தி நேரமும் பணி முடியும் நேரமும் ஒன்றாகிவிடுவதால் பாதசாரிகளுக்கும் ஆபத்து அதிகம். வெளிர்நிற உடை அவர்களை ஓட்டுநர்களின் கண்ணுக்குத் தெரியவைக்கும்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

வளரிளம் பருவத்தினருக்கு இயல்பாகவே தூக்கம் தாமதமாக வரும். மார்ச் மாற்றம் அவர்களை மேலும் பாதிக்கிறது. கைக்குழந்தைக்குப் பசியும் தூக்கமுமே கடிகாரம் என்பதால் பால் நேரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துவது நல்லது. முதியவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், வலிப்பு நோயாளிகள், இருதுருவ மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், இரவுப் பணியாளர்கள் ஆகியோருக்கும் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

மார்ச் மாற்றத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே தினமும் 15 நிமிடம் முன்னதாகப் படுத்து, 15 நிமிடம் முன்னதாக எழுந்தால் ஞாயிறு வருவதற்குள் உடல் பழகிவிடும். இரவுச் சாப்பாட்டையும் அதே கணக்கில் முன்னே கொண்டுவர வேண்டும். ஞாயிறு காலை நெடுநேரம் படுத்திருக்காமல், எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நடப்பது மிகுந்த பலன் தரும்; வானம் மேகமூட்டமாக இருந்தாலும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வலிமையானது. மதியத்துக்குப் பிறகு காபி, தேநீரைத் தவிர்க்க வேண்டும். பகலில் கண் செருகினால் 20 நிமிடத் தூக்கம் போதும்.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. அம்மா ஊரில் காலை ஏழரைக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்பு, அங்கே இரவு 9 மணிக்கு வந்துகொண்டிருந்தது, மார்ச்சுக்குப் பிறகு 10 மணிக்கு வரும். பேசும் நேரத்தை மாற்றிக்கொண்டால் தூக்கம் தப்பும்.

மருந்து வேளை

நாளுக்கு ஒரு முறை போடும் பெரும்பாலான மாத்திரைகளைப் புதிய நேரப்படியே போடலாம். இன்சுலின், வலிப்பு மருந்து, பார்க்கின்சன் நோய்க்கான மருந்து போன்றவற்றில் வேளை துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால், ஒரு வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது. நவம்பர் ஞாயிறு அதிகாலை 1 மணி முதல் 2 மணி வரையிலான நேரம் இரண்டு முறை வருவதால், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் மருந்து கொடுத்ததை உடனே குறித்து வைத்தால் ஒரே வேளை மருந்தை இரண்டு முறை கொடுக்கும் தவறு நேராது. இன்சுலின் பம்ப் போன்ற கருவிகளின் நேரம் தானாக மாறுமா, கையால் மாற்ற வேண்டுமா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

நிரந்தரத் தீர்வு

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2020இல், ஆண்டு முழுவதும் குளிர்கால நேரத்தையே வைத்துக்கொள்வது உடலுக்கு ஏற்றது என்று அறிவித்தது. கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதே அதற்குக் காரணம். 2011இல் நிரந்தரக் கோடைக்கால நேரத்துக்குப் போன ரஷ்யா, இருண்ட குளிர்காலக் காலைகள் பற்றிய புகார்கள் பெருகியபின் 2014இல் குளிர்கால நேரத்துக்குத் திரும்பியது. மெக்சிகோ 2022இல் நாட்டின் பெரும்பகுதியில் கடிகார மாற்றத்தையே கைவிட்டது.

மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

மாற்றம் வந்து இரண்டு வாரம் கடந்தும் தூக்கம் சீராகவில்லை என்றாலோ, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்கினாலோ, குளிர்காலத்தில் எதிலும் ஆர்வமின்றிச் சோர்வு நீடித்தாலோ மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் செயலிழப்பது, பேச்சு குழறுவது ஆகியவற்றைத் தூக்கக் குறைவு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உடனடியாக ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.