மூர்ச்சையும் அதன் காரணங்களும்

பெங்களூரில் 1900-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனை போன்ற இடங்களில் தமிழும் கன்னடமும் அருகருகே ஒலிக்கின்றன. அத்தகைய இடங்களில் நோயாளரைப் பேணும் நம்மவர் ஒரு சொல்லில் விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழில் மூர்ச்சை என்பது சிறிது நேரம் உணர்விழத்தலாகும். கன்னடத்திலோ 'மூர்ச்செ ரோக' என்பது வலிப்பு நோயின் பெயர். "மூர்ச்சையானார்" என்று மட்டும் நாம் கூறின், கேட்பவர் வலிப்பென்று கருதிவிடக்கூடும். மருந்தே மாறிப்போகவும் இடமுண்டு. ஆதலின் கண்டதைக் கண்டவாறே கூறுதல் நலம்.

மூர்ச்சை ஏன் உண்டாகிறது? மூளை உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கே. எனினும் இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறைய 15 பங்கு அதற்குச் செல்கின்றது. சில விநாடிகள் அது குறைந்தாலும் உணர்வு நீங்கும்.

காரணங்கள் பெரும்பாலும் மூவகைப்படும். அச்சம், வலி, இரத்தத்தைக் காணுதல், நெடுநேரம் நிற்றல் ஆகியவற்றால் நாடி தளர்ந்து இரத்தக் குழாய்கள் விரிதல் முதல் வகை. முகம் வெளுத்தலும் வியர்த்தலும் இதற்கு முன்னறிகுறிகள். படுக்கையினின்று திடீரென எழுகையில் இரத்த அழுத்தம் தாழ்தல் இரண்டாவது. நீரிழப்பு உடையோர்க்கும், இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்ணும் முதியோர்க்கும் இது மிகுதி. இதயக் கோளாறு மூன்றாவது, இதுவே கொடியது. படுத்திருக்கும்போதோ, உடலுழைப்பின்போதோ, முன்னறிகுறியின்றியோ, மார்பு வலியுடனோ உணர்விழந்தால் மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.

மூர்ச்சையுற்றவரை நிமிர்த்தி உட்கார வைத்தல் தவறு. மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்துக. இறுகிய ஆடையைத் தளர்த்துக. தெளியுமுன் வாயில் நீர் ஊற்றலாகாது. மூச்சு இயல்பாக இல்லையெனில் உதவிக்குக் குரல் கொடுத்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குக. நீரிழிவு உடையவராயின் இரத்தச் சர்க்கரையையும் சோதித்தல் வேண்டும்.

பின்னர் மருத்துவரிடம் கூறவேண்டியவை இவை: விழுமுன் என்ன செய்துகொண்டிருந்தார்? முகம் வெளுத்ததா? எத்தனை நேரம் உணர்வின்றி இருந்தார்? மூர்ச்சையிலும் கைகால்கள் சிறிது துடிப்பதுண்டு. அது மட்டுமே வலிப்பாகாது. நாவின் ஓரம் கடிபட்டிருத்தலும், தெளிந்தபின் நெடுநேரம் குழம்பியிருத்தலும் வலிப்பையே பெரிதும் சுட்டும். சாதாரண மூர்ச்சையோ ஓரிரு நிமிடங்களில் தெளியும்.

மருத்துவர் வருமுன் மூர்ச்சை தெளிந்துவிடுவதே பெரும்பான்மை. அவர் காணாததைக் கண்டவர் அருகிருந்த பணியாளரே. அவர் பிழையின்றிக் கூறும் சொல்லே நோயறிதலுக்கு முதற்படியாகும்.