பட்டைமுனை எழுத்துரு

அச்செழுத்தின் உருவம், அது எங்கே, எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஆங்கில அச்சில் தோன்றிய பட்டைமுனை எழுத்துரு இதற்குத் தக்க சான்றாகும்.

தோற்றம்

உரோமன் எழுத்துகளின் கோடுகள் முடியுமிடத்தில் அமையும் சிறு குறுக்குக்கோட்டைச் ‘செரிஃப்’ என்பர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதிதாக எழுந்த அச்செழுத்துகளில் அக்கோடு மயிரிழைபோல் மெலிந்திருந்தது. கையிலேந்திப் படிக்கும் நூலுக்கு அது பொருந்தியது. தொழிற்புரட்சிக் காலத்து இலண்டன் தெருக்களிலோ பரிசுச்சீட்டு, நாடகம், விற்பனை முதலியவற்றை அறிவிக்கும் சுவரொட்டிகள் பெருகின. நடந்து செல்வோரின் பார்வையை ஈர்க்க அவற்றிற்கு வலிய எழுத்துகள் தேவைப்பட்டன. 1810களில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் என்னும் இலண்டன் எழுத்து வார்ப்பாளர், முனைக்கோட்டையும் பட்டைபோல் தடிப்பாக்கிப் புதிய எழுத்துகளை வெளியிட்டார். எகிப்தியக் கலையின்மீது ஐரோப்பியர் பெருவிருப்பம் கொண்டிருந்த அக்காலத்தில், இவ்வகை எழுத்துகளுக்கு ‘எகிப்தியன்’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று.

வடிவமைப்பு நுட்பம்

எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் தடிப்பாக்கினால் போதும் எனத் தோன்றலாம். ஆனால், மூன்று கிடைக்கோடுகளைக் கொண்ட ‘ஈ’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தை அவ்வாறு மிகத் தடிப்பாக்கினால், இடைவெளிகள் அடைபட்டு எழுத்தே கரும்பட்டையாகிவிடும். மேலும், ஒரே அளவுடைய கோடுகளுள் கிடைக்கோடே நிலைக்கோட்டைவிடத் தடித்ததாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆகவே, வடிவமைப்பாளர் கிடைக்கோட்டைச் சற்றே மெலியச் செய்வர். உள்ளே விடப்படும் வெண்மையே கருமைக்கு வடிவம் தருகிறது.

உழைப்பும் உரிமையும்

1845ஆம் ஆண்டு இலண்டனில் இராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகம் ‘கிளாரண்டன்’ எழுத்துருவை வெளியிட்டது. அதனைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அதன் பட்டைமுனைகள் நிலைக்கோட்டுடன் வளைவாக இணைந்திருந்தன. பெஸ்லி அவ்வடிவத்தைச் சட்டப்படி பதிவு செய்தார். சட்டம் அளித்த பாதுகாப்போ 3 ஆண்டுகளுக்கு மட்டுமே. அக்காலம் கடந்ததும் பிற வார்ப்பகங்கள் அதனைப் படியெடுத்து விற்றன. உருவாக்கியவர் உரிமையை இழந்தார். எழுத்துருவோ கடல் கடந்தும் பரவியது. எழுத்துருவும் ஒருவரின் அறிவுழைப்பே என்பதையும், அதற்குரிய பாதுகாப்பு எத்துணை இன்றியமையாதது என்பதையும் இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பயன்கள்

பெரிய எழுத்துகளை உலோகத்தில் வார்ப்பது கடினம். அவற்றின் எடையும் மிகுதி. 1827இல் அமெரிக்காவின் டேரியஸ் வெல்ஸ், மர எழுத்துகளைப் பொறியால் குடைந்தெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் பட்டைமுனை எழுத்துகள் அமெரிக்கச் சுவரொட்டிகளில் பெரிதும் இடம்பெற்றன. 1934இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ‘ராக்வெல்’ இவ்வகையைச் சார்ந்ததே.

தலைப்பு, நூலட்டை, பெயர்ப்பலகை ஆகியவற்றிற்கு இவ்வெழுத்துரு ஏற்றது. அகராதிகளில் தலைச்சொல்லைப் பொருள் விளக்கத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டவும் கிளாரண்டன் போன்ற எழுத்துகள் பயன்பட்டன. எனினும், மிகத் தடித்த எழுத்துகளில் நீண்ட உரைப்பகுதியை அச்சிட்டால் கண் விரைவில் களைப்படையும். பக்கம் முழுவதும் தடித்த எழுத்துகளே நிறைந்திருந்தால், எதனை முதலில் படிப்பது என்பதும் புலப்படாது. பள்ளி விழாவுக்கு அறிவிப்புப் பலகை எழுதும்போது, எச்சொல் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அச்சொல்லுக்கு மட்டும் தடித்த எழுத்தைக் கொடுங்கள்.