குட்டிப் பாம்பின் முதல் இரை

2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் டிராலிப் பெட்டியைச் சுங்கத்துறையினர் திறந்தார்கள். உள்ளே காற்றுக்குத் துளை போட்ட டப்பாக்கள். அவற்றுக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. பல இனம், பல வயது. வனத்துறையினர் வந்து பார்த்து, மலேசியாவுக்கே திருப்பி அனுப்பும் வேலையில் இறங்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை விமான நிலையத்திலும் கோலாலம்பூரிலிருந்து வந்த பெட்டிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன.

கடத்தல் செய்தி இரண்டு நாளில் அடங்கிவிடும். யாரோ விலை பேசி வைத்திருந்ததால்தான் அந்தக் குட்டிகள் விமானம் ஏறின. வாங்க இருந்தவர்களுக்கு அவற்றுக்குச் சாப்பாடு போடத் தெரியுமா என்பதுதான் என்னை உறுத்துகிறது. டப்பாவில் பிழைத்துவந்த குட்டி, பாசத்தோடு வாங்கியவர் வீட்டிலேயே பட்டினியாலோ அஜீரணத்தாலோ சாக நிறைய வாய்ப்பு உண்டு.

செல்லப்பிராணிச் சந்தையில் அதிகம் கைமாறுவது ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. மிரண்டால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். முட்டையிலிருந்து வந்த குட்டி ஒரு முழம்கூட இருக்காது. மஞ்சள் கருவின் மிச்சச் சத்து வயிற்றில் இருப்பதால் முதல் சில நாள் எதையும் தொடாது. ஓரிரு வாரத்தில் முதல் சட்டையை உரித்த பிறகே இரைக்குத் தலைநீட்டும். 'வந்ததிலிருந்து எதுவும் சாப்பிடவில்லையே' என்று பதறி, வாயைப் பிளந்து திணிப்பவர்கள் உண்டு. அதன் மெல்லிய தாடையும் தொண்டையும் அதைத் தாங்காது. புது இடம், புது மணம், எந்நேரமும் தூக்கிப் பார்க்கும் கைகள் என்று மிரண்டு கிடக்கும் பாம்புக்குப் பசி எடுக்காது. ஒரு வாரம் தொடாமல், ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு மூலையும் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்துவிட்டு ஒதுங்குவதே முதல் வேலை.

இரையின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பாம்பின் உடம்பில் எங்கே அதிகப் பருமனோ, அந்தப் பருமனுக்கு மேல் இரை போகக் கூடாது. குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு சிறிய எலிக்குட்டி போதும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. உறையவைத்த எலியை முதலில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும். பிறகு பையில் கட்டி வெந்நீரில் போட்டு, உயிருள்ள எலியின் உடல்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவ் கூடாது, ஓரிடம் வெந்து இன்னோரிடம் குளிர்ந்திருக்கும். மேலுதட்டுக் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் இந்தப் பாம்பு இரையை அறிகிறது. ஆறிப்போன எலி அதன் கணக்கில் இரையே இல்லை.

நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்து, முகத்துக்கு அருகே மெல்ல ஆட்டினால் நாக்கு வேகமாக வந்து போகும். கழுத்து பின்வாங்கி வளையும். கண் சிமிட்டும் நேரத்தில் கவ்வி, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிடும். அதற்குப் பிறகு எல்லாமே நிதானம்தான். செத்த எலிதான் என்றாலும் இறுக்கத்தை உடனே விடாது. பிறகு சுற்றைத் தளர்த்தி, தலைப்பக்கம் எது என்று தேடி, இடதுதாடை ஓர் அடி, வலதுதாடை ஓர் அடியாக ஏறி ஏறி விழுங்கும். அந்நேரம் அறையில் ஆட்கள் நடமாடினாலே சில குட்டிகள் இரையைக் கக்கிவிட்டு ஒளிந்துகொள்ளும்.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போவது பெரிய கொடுமை. பசியில்லாத பாம்பு சும்மா கிடக்கும். எலி சும்மா இருக்காது. பாம்பின் முதுகைக் கொறித்து எலும்பு தெரியும்வரை தின்ற சம்பவங்களைக் கால்நடை மருத்துவர்கள் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். திருச்சி காந்தி மார்க்கெட்டின் சாக்கடை ஓரத்தில் பிடித்த எலியும் ஆகாது. எலி மருந்து தின்ற எலியாக இருந்தால் பாம்பும் சேர்ந்து போகும்.

இரை செரிக்கச் சூடு வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27. ஏசி அறையில் வைத்தால் இரை வயிற்றுக்குள்ளேயே அழுகி வெளியே வரும். திருச்சியின் மே மாதத்தில் ஜன்னலோரம் வைத்த கண்ணாடித் தொட்டி அதைவிட மோசம், சில மணி நேரத்தில் பாம்பு வெந்துவிடும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தூக்கக் கூடாது. கக்கிவிட்டால் உடனே மறுபடி கொடுக்காமல் பத்துப் பதினைந்து நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பாம்பையோ இரையையோ தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி சின்னக் குழந்தைகளைப் படுத்திவிடும். இரை உருகும் பாத்திரம் சமையலறைக்குள் வரவே கூடாது.

இவ்வளவும், முறைப்படி வாங்கிப் பதிவு செய்த அயல்நாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும். வன உயிர் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இத்தகைய உயிர்களை அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்துவிட்டது. நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்ளவே முடியாது. திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மலைப்பாம்பு, நாகம், சாரை, கண்ணாடி விரியன் எல்லாம் முதல் அட்டவணையில் வருகின்றன. மாட்டினால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வாழைத்தோப்பும் வாய்க்காலுமாக இருக்கிற தீவு. தவளைக்கும் எலிக்கும் பஞ்சமில்லை. கோடை முடிந்து மழை தொடங்கும் நாட்களில் குட்டிப் பாம்பு குளியலறைக்குள் வருவது இங்கே அதிசயமில்லை. ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்ட பெருமாளின் ஊரில் அடிக்க மனம் வராமல் கிண்ணத்தில் பால் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பாலைச் செரிக்கும் வழி பாம்புக்கு இல்லை. பாம்பாட்டியின் கூடைப் பாம்பு பால் குடிப்பது பல நாள் தண்ணீர் காட்டாமல் போட்ட தாகத்தால். ஆடி வெள்ளியில் புற்றுக்கு மஞ்சளும் பூவும் சாத்தலாம். துளைக்குள் ஊற்றுகிற பால் உள்ளே ஒண்டியிருக்கும் உயிரைத் திணறடிக்கும்.

வந்த குட்டிக்கு நாம் எதுவும் ஊட்ட வேண்டியதில்லை. தண்ணீர்ப்பாம்புக் குட்டி தலைப்பிரட்டையும் சிறுமீனும் பிடிக்கும், சாரைக் குட்டி தவளையும் பல்லியும் பிடிக்கும். பிறந்த நாள் முதல் அவற்றுக்கு வேட்டை தெரியும். விஷப்பாம்புக் குட்டிக்கும் முதல் நாளே விஷம் உண்டு. கண்ணாடி விரியன் ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டி போடும். அவற்றை மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் இருக்கிறார்கள். கட்டுவிரியனையும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும் டார்ச் வெளிச்சத்தில் பிரித்தறிவது பழகியவருக்கே சிரமம். கதவைச் சாத்தி, இடுக்கைத் துணியால் அடைத்து, தூர நின்று ஒருவர் கண் வைத்திருக்க, தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொன்னால் வந்து பிடித்துப்போவார்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் கிடைக்கும்.