கண்ணாடியில் மலர்ந்த வண்ணம்

உருளைக்கிழங்குக்கும் புகைப்படத்திற்கும் என்ன உறவு என்று நான் வினவினால் மாணவ நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், வணிக முறையில் வெற்றி கண்ட முதல் வண்ணப் புகைப்படத்தை உலகுக்கு அளித்தது அந்த எளிய கிழங்கின் மாவே ஆகும்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் வாழ்ந்த லூமியேர் சகோதரர்கள், 1895-இல் அசையும் படத்தை மக்களுக்குக் காட்டிப் புகழெய்தியவர்கள். அவர்களே 1903-இல் இவ்வண்ண முறைக்கும் காப்புரிமை கோரினர். 1907-இல் 'ஆட்டோக்ரோம்' என்னும் பெயரில் கண்ணாடித் தகடுகள் விற்பனைக்கு வந்தன.

அத்தகட்டின் அமைப்பைக் காண்போம். மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே அளவுள்ள மாவுத் துகள்களைச் செம்மஞ்சள், பச்சை, நீல ஊதா என மூன்று சாயங்களில் தோய்த்தனர். அவற்றை ஒன்றாகக் கலந்து, பசை தடவிய கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகப் பரப்பினர். இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்தனர். அதன்மேல் ஒளியை உணரும் வெள்ளி உப்பைப் பூசினர். ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 40 லட்சம் துகள்கள் அமைந்தன.

ஒளி இத்துகள்களைக் கடந்த பின்னரே பூச்சை அடையும். ஒரு செம்மலரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். அதன் ஒளியைச் சிவந்த துகள்களே உட்செல்ல விடும். படத்தைக் கழுவும்போது அத்துகள்களின் பின்னுள்ள வெள்ளி கருக்கும். அக்கருமையைக் கரைத்து நீக்கிவிட்டு, எஞ்சியுள்ள உப்பைக் கருக்கச் செய்வர். இப்போது சிவந்த துகள்களுக்கு மட்டுமே வழி திறந்திருக்கும், ஏனையவை அடைபட்டிருக்கும். தகட்டை ஒளிக்கு எதிரே பிடித்தால் மலர் மீண்டும் சிவந்து தோன்றும்!

இப்படங்களின் பிரதிகளைக் காணுந்தோறும், இவற்றின் அழகு இவற்றின் குறைகளிலேயே பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. துகள்கள் ஆங்காங்கே திரண்டு நிற்பதால், வானமும் வயலும் புள்ளிகளால் தீட்டிய ஓவியம்போல் மென்மை கொள்கின்றன. நல்ல வெயிலிலும் ஒரு வினாடிக்குக் குறையாமல் ஒளி தேவைப்பட்டது. ஆகவே, படத்தில் உள்ளோர் அசையாது நின்றனர். அவர்தம் முகங்களில் ஓர் அமைதி குடிகொண்டது.

ஆல்பெர் கான் என்னும் பிரெஞ்சுச் செல்வர், 1909 முதல் 1931 வரை ஏறத்தாழ 50 நாடுகளின் வாழ்க்கையைப் படமெடுக்கச் செய்தார். அவ்வாறு சேர்ந்த ஏறத்தாழ 72,000 தகடுகள் பாரிசுக்கு அருகே ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஒவ்வொரு தகடும் தனிப்படம். மறுபடி எடுக்க எதிர்ப்படம் கிடையாது. அதைக் காண்பதற்கு ஒளி வேண்டும். ஆனால் அவ்வொளியே நாளடைவில் சாயத்தை வெளுக்கச் செய்யும். ஆதலால், அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூலத் தகட்டை இருளில் வைத்து, பிரதியையே காட்சிக்கு வைக்கின்றன. அத்தகைய பிரதி ஒன்றை நீங்கள் காண நேர்ந்தால், விரைந்து கடந்து செல்லாதீர்கள். அந்த வண்ணத்திற்காக யாரோ ஒருவர் மூச்சையும் அடக்கி நின்றிருக்கிறார். நாமும் சற்றே நின்று பார்ப்பது முறையல்லவா?