அப்பாவும் பிள்ளையும் – 6: ஒரு ரூபாய் அபராதம்

1936. சென்னையில் ஒரு நள்ளிரவு. குடித்துவிட்டு நடுத்தெருவில் ரகளை செய்துகொண்டிருந்த ஓர் ஆளைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் நிறுத்தினார்கள். அபராதம் ஒரு ரூபாய். அந்த ஆளுக்கு அப்போது வயது 48. பெயர் ஹரிலால் மோகன்தாஸ் காந்தி. சில மாதங்களுக்கு முன்புதான் பம்பாயில் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா ஆகியிருந்தார்.

செய்தி அம்மாவின் காதுக்கு எட்டியது. கஸ்தூர்பா மகனுக்குச் சொன்ன பதிலை ஊரே பத்திரிகையில் படித்தது. இன்றைக்குப் பேப்பரில் என்ன அவமானம் வந்திருக்குமோ என்ற நடுக்கத்தோடுதான் தினமும் விழிக்கிறேன் என்று அதில் சொல்லியிருந்தார். இவ்வளவு லேசான தண்டனையோடு விட்டார்களே, அப்பாவின் முகத்துக்காகத்தான் இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். பெற்றவள் பிள்ளையைத் திட்டும் கடிதம்தான் அது. ஆனாலும் அவன் எங்கே சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான் என்ற கவலைதான் வரிக்கு வரி தெரிகிறது.

சென்ற வாரம் ஹரிலாலை 1911-ல், தென்னாப்பிரிக்க ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். வழியனுப்ப வந்த காந்தி மகனை முத்தமிட்டு, கன்னத்தில் செல்லமாகத் தட்டி, அப்பா ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடு என்று சொன்னதாகக் குடும்பத்தில் பதிவு இருக்கிறது. மன்னிக்க என்ன இருந்தது? புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1908-ல் அப்பாவின் சத்தியாகிரகப் போராட்டத்துக்காக உரிமம் இல்லாமல் பழம் விற்று மகன் சிறைக்குப் போனபோது, நீதிமன்றத்தில் அவருக்காக நின்ற வக்கீலே அப்பாதான். அதற்குப் பிறகும் பலமுறை சிறை. டிரான்ஸ்வால் இந்தியர்கள் அவரைச் ‘சின்ன காந்தி’ என்றே கூப்பிட்டார்கள். அந்தச் சின்ன காந்திக்கு அப்பாவைப் போல இங்கிலாந்து போய் பாரிஸ்டர் படிக்க ஆசை. ரங்கூனில் இருந்த பிராண்ஜீவன் மேத்தா என்ற நண்பர், காந்தியின் பிள்ளைகளில் ஒருவரைத் தன் செலவில் லண்டனில் படிக்கவைக்க முன்வந்தார். காந்தி அனுப்பியது உறவுக்காரரான சகன்லாலை. அவர் உடம்புக்கு முடியாமல் திரும்பிவந்ததும் அடுத்து அனுப்பியது சோராப்ஜி அடாஜானியா என்ற பார்சி இளைஞரை.

பொதுப்பணத்தையும் சலுகையையும் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பது காந்தியின் நியாயம். நம் அரசியல்வாதிகளின் வாரிசுகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது பொன்னாகத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தத் தராசை ஹரிலாலின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. போராட்டத்தில் எல்லாரையும்விட முன்னால் நிற்க வேண்டும், பலன் வரும்போது மட்டும் மகன் என்பதாலேயே கடைசியில் நிற்க வேண்டும். அகமதாபாத்துக்கு வந்து மெட்ரிக் எழுதினார், தேறவில்லை. பிரெஞ்சு எதற்கு, சமஸ்கிருதம் படி என்று அதற்கும் அப்பாவிடமிருந்து கடிதம்.

இந்தச் சண்டையில் என்னை உறுத்துவது, அது எப்போதும் அச்சில் நடந்தது. 1915-ல் ஹரிலால் அப்பாவுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதி, அதை அச்சடித்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பினார். எங்களைப் படிக்கவிடவில்லை, எங்கள் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை என்பதுதான் சாரம். பத்து வருடம் கழித்து அப்பாவின் முறை. மகன் இயக்குநராக இருந்த ஒரு கம்பெனியை நம்பிப் பணம் போட்டவருக்காக ஒரு வக்கீல் விசாரித்து எழுத, 1925 ஜூன் 18 ‘யங் இந்தியா’வில் காந்தி பதில் சொன்னார். ஆம், அவன் என் மகன்தான். அவன் வழி வேறு, என் வழி வேறு. அவன் தொழிலுக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அவன் மேல் பாசம் உண்டு, திருந்தி வந்தால் என் வாசல் திறந்திருக்கும்.

‘திருந்தி வந்தால்.’ இந்த நிபந்தனை கடைசிவரை மாறவில்லை.

இடையில் 1918-ல் இன்ஃப்ளுயன்சா ஹரிலாலின் மனைவி குலாபைக் கொண்டுபோயிருந்தது. பிள்ளைகளைப் பாட்டியும் சித்தியும் வளர்த்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு அவர் எங்கும் ஊன்றி நிற்கவில்லை. குடி, கடன், ஊர் ஊராக அலைச்சல். அதற்கும் முன்பே, அண்ணனுக்கு ஆசிரமப் பணத்திலிருந்து கடன் கொடுத்த தம்பி மணிலாலையும் அப்பா தண்டித்திருந்தார். ஆசிரமத்தைவிட்டு வெளியேறிய மணிலால் வந்து சேர்ந்தது நம் சென்னைக்குத்தான்.

சேர்ந்துவிடுவார்கள் என்று தோன்றிய காலமும் உண்டு. 1935-ஐ ஒட்டி ஹரிலால் திருந்த விரும்பி எழுதினார். காந்தி எழுதிய பதில்களில் ஒரு சாதாரண அப்பாவின் ஆசை பொங்குகிறது. சில மாதங்கள்தான். மறுபடி குடி.

கட்னி ரயில் நிலையத்தில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். மகாத்மாவுக்கு ஜே போடும் கூட்டத்தில் ஒரு குரல் மட்டும் மாதா கஸ்தூர்பாவுக்கு ஜே போட்டது. கந்தல் உடையில் ஹரிலால். பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு ஒன்றும் இல்லையா என்று அப்பா கேட்க, உங்கள் பெருமையெல்லாம் இந்த அம்மாவால் வந்தது, அதை மறந்துவிடாதீர்கள் என்றார். எங்களோடு வந்துவிடு என்றதற்கு, காலம் கடந்துவிட்டது என்றார். வண்டி கிளம்பிய பிறகுதான், பிள்ளை பசியோடு இருந்திருப்பானே, கூடையில் பழம் இருந்ததே என்று கஸ்தூர்பாவுக்கு உறைத்தது. அப்பா வரச் சொன்னது வாழ்க்கையை மாற்றிக்கொள்ள. அம்மாவுக்கு அவன் சாப்பிட்டால் போதும். ஹரிலால் அம்மாவைத் தேடியே வந்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

1944 பிப்ரவரியில் புனே ஆகா கான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா சாகக் கிடந்தபோதும் வந்தார். முதல் தடவை பார்த்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம். அடுத்து வந்தது குடிபோதையில். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். 22-ம் தேதி இறந்துபோனார்.

அதன் பிறகு அப்பாவையும் மகனையும் சேர்த்துவைக்க ஆளில்லை. 1948 ஜனவரி 30-ல் காந்தி சுடப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 18-ல் பம்பாய் மருத்துவமனை ஒன்றில் காசநோயால் ஹரிலாலும் போனார். பிற்காலத்தில் அவருடைய பேத்தி நீலம் பரீக், குடும்பத்துக் கடிதங்களையெல்லாம் திரட்டித் தாத்தாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கொள்ளுத்தாத்தாவையும் விட்டுக்கொடுக்காமல், தாத்தாவையும் தூக்கிப்போடாமல் எழுத அந்தக் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை தேவைப்பட்டது.

மணிலாலைச் சென்னையில் விட்டிருக்கிறோம். அண்ணன் எதிர்த்த அதே அப்பாவுக்கு அவர் கீழ்ப்படிந்தார். பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர், கேப்டவுனில் ஃபாத்திமா என்ற பெண்ணை மணக்க விரும்பி, 1926-ல் அப்பாவிடம் அனுமதி கேட்டார். கிடைத்த பதிலை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)