பவர் கூடிய கண்ணாடியா? பார்வை நரம்பையும் காட்டுங்கள்

மலாக்கா: கண்ணாடிக் கடையில் பவர் ‘மைனஸ் 6’ என்று சொன்னால், நம்மில் பலர் பிரேமைத் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஜாசினிலும் சரி, அலோர்காஜாவிலும் சரி, இதுதான் வழக்கம். ஆனால் அந்த எண் கண்ணாடியின் தடிப்பை மட்டும் சொல்வதில்லை. கண்ணின் வடிவத்தையும் சொல்கிறது.

பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாகச் சுமார் 23 முதல் 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கிட்டப்பார்வை உள்ள பெரும்பாலோருக்கு அது கூடுதலாக நீண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் பவர் இரண்டரை முதல் மூன்று வரை ஏறும். மைனஸ் 6ஐத் தாண்டியவர்களுக்குக் கண் பெரும்பாலும் 26 மில்லிமீட்டரைத் தொட்டிருக்கும். (கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது மங்கும். பெயரைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய பேர்.)

இப்படி நீள்வதால் அதிகம் இழுபடுவது கண்ணின் பின்புறம். அங்கே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் உண்டு. விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பிழைகளும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியேறுகின்றன. பார்வை நரம்பின் தலை என்பது இதுதான். அதற்குள் துளைகள் நிறைந்த மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் ரப்பர் பால் வடிகட்டும் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கற்றை நரம்பிழை நுழைந்து போகிறது.

கண் நீள நீள, அந்தச் சல்லடையும் இழுபட்டு மெலிகிறது. வட்டமான நரம்புத் தலை பலருக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நீள்வட்டமாகிறது. அதன் ஓரத்தில் பிறை போன்ற வெளிறிய பகுதி தோன்றும். மெலிந்த சல்லடையால் கண்ணின் உள் அழுத்தத்தை முன்போல் தாங்க முடிவதில்லை; துளைகள் நெளியும்போது இழைகள் நசுங்கி மடிகின்றன என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். இப்படி நரம்பிழைகள் மடிவதே கிளாக்கோமா. பெரும்பாலோருக்கு வலி இராது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். போனது திரும்பாது.

சிங்கப்பூரில் 2004 முதல் 2006 வரை 40 வயதைத் தாண்டிய 3,280 மலாய்க்காரர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மைனஸ் 4க்கு மேல் கிட்டப்பார்வை உள்ளவர்களிடம் கிளாக்கோமா வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், சாய்ந்த நரம்புத் தலை கிளாக்கோமா இல்லாமலேயே அதைப் போலத் தோன்றும். உண்மையான பாதிப்பு அந்தச் சாய்வுக்குள் மறைந்தும் போகும். “அழுத்தம் நார்மல்” என்ற ஒரு வார்த்தையும் போதாது. அழுத்தம் கூடாமலே நரம்பு கெடுவதுண்டு. லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் இது பொருந்தும். லேசர் கருவிழியைத்தான் செதுக்குகிறது, கண்ணின் நீளம் குறைவதில்லை. மெலிந்த கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகவும் காட்டும்.

குட்டையான கண்ணுக்கு வேறு ஆபத்து. அதில் திடீரென அழுத்தம் ஏறி, கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் வரலாம். அப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பவர் 6ஐத் தாண்டியவர்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா உள்ளவர்களும் அரசாங்க கிளினிக்கில் சொல்லி, மலாக்கா மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். அங்கே “நரம்புத் தலையைப் பாருங்கள்” என்று கேளுங்கள். நீரிழிவுக்காகக் கண்ணின் பின்புறத்தை எப்போதாவது படம் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். சாய்வு பழையதா, கேடு புதியதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் மருத்துவருக்குத் தெரியும்.