கருவாட்டில் புழுதி, பகல் தூக்கத்தில் பைக் சத்தம்
பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களுக்கு ஒரு நீண்ட பதில்

“ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளியூர்ப் பிள்ளைகள் பைக்கில் வந்து, வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மணல் திட்டில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள். இரவு வலைக்குப் போய் வந்தவர் தூங்க முடியவில்லை. காயப்போட்ட கருவாட்டில் எல்லாம் மண். கேட்டால், ‘இது புறம்போக்குதானே, உங்கள் பட்டாவா?’ என்கிறார்கள். மரம் வைத்தால் தடுக்க முடியுமா? எந்த மரம் வைக்கலாம்?”

பசியாவரத்திலிருந்து வாசகி ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியது இது. பதில் நாலு வரிக்குள் அடங்காது என்பதால் தனிக் கட்டுரையாக வருகிறது.

பசியாவரம், பழவேற்காடு ஏரியின் தண்ணீரை ஒட்டி நெருக்கமாக வீடுகள் கட்டிய மீனவர் ஊர். வெளியே போகப் படகையே நம்பியிருந்த காலம் நீண்டது. பாலம் வேண்டும், சாலை வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். சாலை இருந்தால் ஆம்புலன்ஸ் வரும், பள்ளிப் பிள்ளைகள் நேரத்துக்குப் போவார்கள், ஐஸ் வண்டி வரும். அதே வழியில், கரடுமுரடான இடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த டர்ட் பைக்கும் வரும். சென்னையிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால் விடுமுறை நாளில் பைக்கில் வருபவர்களுக்குப் பழவேற்காடு பழக்கப்பட்ட இடம். வருபவர்கள் எல்லோரும் தொல்லை கொடுப்பவர்கள் அல்ல. மீன் வாங்குவார்கள், படகு ஏறுவார்கள், போய்விடுவார்கள். கேள்வி, திட்டையும் வறண்ட ஏரிப் படுகையையும் பந்தயத் திடலாக ஆக்குபவர்களைப் பற்றியது. அதில் நம் ஊர்ப் பையன்களும் இருப்பார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சத்தத்துக்கு மரம் மருந்தல்ல

மரம் வைத்தால் சத்தம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடைமுறையில் அப்படி இல்லை. சுமார் 30 மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியாக மரமும் புதரும் வளர்த்தால் 5 முதல் 8 டெசிபல் வரை குறையும் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டி. ஒற்றை வரிசைச் சவுக்கு சத்தத்தை ஒன்றும் செய்யாது. பைக் கண்ணில் படாமல் போவதால் எரிச்சல் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

சத்தத்தைக் குறைப்பது தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். இந்தியாவில் 175 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே வைத்திருக்கும் வரம்பு 80 டெசிபல், இது 7.5 மீட்டர் தூரத்தில் அளப்பது. அந்த வண்டி 15 மீட்டரில் 74, 30 மீட்டரில் 68, 60 மீட்டரில் 62, 120 மீட்டரில் 56 என்று இறங்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆக, ஒழுங்கான சைலன்சர் உள்ள வண்டியே முழு வேகத்தில் ஓடினால் வீட்டிலிருந்து 130 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும்.

சைலன்சரைக் கழற்றிய வண்டி அதே 7.5 மீட்டரில் 95 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 480 மீட்டரிலும் 59 டெசிபல் கேட்கும். 55-க்குக் கீழே இறங்க முக்கால் கிலோமீட்டர் வேண்டும். நடுவில் தண்ணீர் இருந்தால் இன்னும் மோசம். வயல் மண்ணும் செடியும் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். தட்டையான நீர்ப்பரப்பு உறிஞ்சாது. மாலையில் தண்ணீருக்கு மேல் காற்று குளிர்ந்திருக்கும்போது சத்தம் மேலே போகாமல் தாழ்ந்து வளைந்து வரும். அக்கரையில் பேசுவது இக்கரையில் கேட்கிறது என்று படகுக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். 55, 45 என்பவை சராசரி அளவுகள். ஒரே ஒரு பைக் கடந்து போனால் விதி மீறல் ஆகிவிடாது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் வட்டமடித்தால்தான் சராசரி ஏறும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விதியின் கணக்கில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இரவு வலைக்குப் போகிறவருக்கு இரவு தொடங்குவதே காலை ஒன்பது, பத்துக்கு. சட்டம் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை. மனு எழுதும்போது இதைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும். பகல் தூக்கம் கெட்டவர் மறுநாள் இரவு தண்ணீரில் படகில் நிற்கிறவர் என்பது அதிகாரிக்குத் தானாகத் தெரிய வாய்ப்பில்லை.

பசியாவரத்தில் வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஓட்டச் சொல்ல இடம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் அடுத்த ஊர். “தள்ளிப் போய் ஓட்டுங்கள்” என்ற சமரசம் இங்கே எடுபடாது.

புழுதிக்கு மரம் உதவும்

புழுதிக் கதை வேறு. கோடையில் ஏரித் தண்ணீர் வற்றிப் பின்வாங்கும்போது, வண்டலும் உப்பும் சேர்ந்த படுகையின் மேல் மெல்லிய பொருக்கு உருவாகும். அந்தப் பொருக்கு உடையாத வரை காற்று மண்ணைத் தூக்காது. பட்டன் டயர் ஒரு முறை உழுதுவிட்டால், பைக் போன பின்னும், அடுத்த மழை வரை அந்தத் தடத்திலிருந்து புழுதி பறந்துகொண்டே இருக்கும். மணல் திட்டிலும் இதே கதைதான். அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. டயர் இவற்றைப் பிய்த்துவிட்டால் திட்டு நகரத் தொடங்கும்.

ஏரிப் புழுதியில் உப்பு இருக்கிறது. கத்தரி, முருங்கை, மல்லிகை என்று வீட்டோரம் வைத்திருப்பவர்கள் இலை ஓரம் கருகுவதைப் பார்த்திருப்பார்கள். இலையின் மேல் தூசு படிந்தால் வெளிச்சம் குறையும், துளைகள் அடைபடும். மாலையில் நல்ல தண்ணீரை இலை மேல் தெளித்துக் கழுவலாம். தடத்தில் புழுதி அடங்க ஏரித் தண்ணீரைத் தெளிப்பது சிலருக்கு எளிதாகத் தோன்றும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் என்பதால் புழுதி அடங்கவும் செய்யும். ஆனால் தோட்டத்துக்கும் குடிநீர் ஊற்றுக்கும் பக்கத்தில் அதைச் செய்யக் கூடாது, ஊற்று உவர்த்துவிடும்.

காற்றுத் தடுப்பு வரிசை, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். 5 மீட்டர் உயரச் சவுக்கு 50 மீட்டர் வரை காப்பாற்றும். சுவர் போல அடைத்துக் கட்டினால் பின்பக்கம் காற்று சுழன்று, தூசு அங்கேயே விழும். பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக இருப்பதே நல்லது. காற்று வரும் பக்கம் முதலில் அடும்பும் ராவணன் மீசையும், அடுத்து உகாய் அல்லது தாழை, அதற்குப் பின் சவுக்கு இரண்டு வரிசை, 2 மீட்டர் இடைவெளியில், முன் வரிசை மரங்களின் இடைவெளிக்கு நேரே பின் வரிசை மரம் வரும்படி. வீட்டுப் பக்கம் பூவரசும் புங்கனும். ஓரத்தில் பனங்கொட்டை ஊன்றிவைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஆகும். சீமைக்கருவேலம் வேண்டாம். ஏற்கெனவே வேலியாக நிற்கும் சீமைக்கருவேலத்தை எடுப்பதாக இருந்தால், புதிய வரிசை ஆள் உயரம் வந்த பிறகு எடுப்பது நல்லது.

கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று. எனவே கிழக்குப் பக்கம்தான் முதல் வரிசை. நடவுக்கு ஐப்பசி மழை தொடக்கம் சரியான காலம். நடும் இடம் குடியிருப்பு நிலமாக இருக்க வேண்டும். சேற்றுத் திட்டில் மரம் வைக்கக் கூடாது. பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர். பூநாரையும் உள்ளானும் இரை தேடுவது அந்தத் திறந்த சேற்றில்தான். புறம்போக்கில் நடுவதானால் ஊராட்சியையும் வனச்சரக அலுவலகத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரம் வளர மூன்று ஆண்டு ஆகும். கருவாடு அதுவரை காத்திருக்காது. தரையிலும் மணலிலும் காயப்போடுவதை விட்டு, சவுக்குக் கழி நட்டு இடுப்பு உயரத்தில் பரண் கட்டி, அதன் மேல் நைலான் வலை விரித்துக் காயப்போட்டால் பாதித் தொல்லை தீரும். தரையோடு போகும் மணல் மேலே ஏறாது. அடியிலும் காற்று போவதால் கருவாடு சீக்கிரம் காயும். காற்று வரும் பக்கம் பழைய வலையை இரண்டு மூன்று மடிப்பாகவோ, நிழல்வலையையோ தலை உயரத்துக்குக் கட்டலாம். மண் பட்ட கருவாட்டை ஏரித் தண்ணீரில் அலசுவது வேண்டாம். திரும்ப ஈரம் ஏறி, காயும் முன்பே பூஞ்சணம் பிடிக்கும். மண் நெறுநெறுக்கும் கருவாட்டுக்கு வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த இழப்பைத் தேதியோடு எழுதி வைப்பது பின்னால் உதவும்.

‘புறம்போக்குதானே’

இந்த வாதம் ஓட்டுபவருக்கே எதிரானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(34) பொது இடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில், சாலையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொதுமக்களுக்குப் போக உரிமை உள்ள இடம் எல்லாம் அடங்கும். யார் வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லும் அதே வாயால், இங்கே சட்டம் செல்லும் என்றும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதன்படி, பதிவு எண் இல்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம். பந்தயமோ வேகப் போட்டியோ நடத்தினால் பிரிவு 189-இல் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சத்தம், புகை வரம்பை மீறும் வண்டிக்குப் பிரிவு 190(2)-இல் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டியவர் பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மேல் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விழலாம். வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லும் முன், நம் தெருவில் பையன் கையில் சாவி கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தொடர்ந்து நடக்கும் தொல்லைக்கு வேறு வழியும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆவது பிரிவு. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் வருவாய்க் கோட்ட அளவிலேயே இருக்கிறது. இந்தப் பகுதிக்குப் பொன்னேரி சார் ஆட்சியர். குறிப்பிட்ட இடத்தில் வண்டிகளைத் தடை செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவும் இடம் தருகிறது.

மனுவோடு நாள், நேரம், எவ்வளவு நேரம் ஓடியது, வண்டி எண், எண் தெரியும் படம் ஆகியவை வேண்டும். செல்போனில் டெசிபல் காட்டும் செயலி சாட்சியமாகாது. ஆனால் அதிகாரியை அளக்க வரச் சொல்ல உதவும். ஒருவர் மனுவைவிட கிராம சபைத் தீர்மானத்துக்கு எடை அதிகம். ஓட்டும்போதே தகவல் சொல்ல 100, தொடர் புகாருக்கு 1100, மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள்.

சரணாலயம் என்பதால் வனத்துறையிடமும் போகலாம். அதற்கு முன் ஊர் கூடிப் பேசுவது நல்லது. சரணாலய விதிகள் தங்கள் தொழிலையே தொடுமோ என்ற கவலை மீனவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. பைக்கை நிறுத்தக் கூப்பிட்ட விதி நாளை வலைக்கும் வரக் கூடாது என்று முதல் மனுவிலேயே தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

கயிறு கட்டக் கூடாது

கோபத்தில் சிலர் தடத்துக்குக் குறுக்கே கம்பியோ கயிறோ கட்டுகிறார்கள், மணலால் மூடிக் குழி வெட்டுகிறார்கள். ஓட்டுபவர் கழுத்தில் கம்பி பட்டால் உயிர் போகும். வழக்கு கட்டியவர் மேல் வரும், தொல்லை கொடுத்தவர் மேல் அல்ல. இருட்டில் அதில் விழுவது பெரும்பாலும் நம் ஊர் ஆளாகத்தான் இருக்கும். கல் தூண் நட்டுத் தடுக்கலாம் என்றால், பைக் நுழையாத சந்தில் மீன் பெட்டி ஏற்றிய டிவிஎஸ் எக்ஸ்எல்லும் நுழையாது. கூடை கட்டிய சைக்கிளும் நுழையாது. வழியை அடைப்பதைவிட, அந்த வழியில் வந்து என்ன செய்யக் கூடாது என்று ஊர் முடிவு செய்வதுதான் நடக்கக் கூடியது.

அந்த முடிவெடுக்கும் பழக்கம் இந்த ஏரிக்குப் புதிதல்ல. எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பாடு முறையில் தண்ணீரையே முறைவைத்துப் பகிர்ந்தவர்கள் இவர்கள். நுழையும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை, ஞாயிறு காலையில் அங்கே உட்கார நாலு பேர், வருபவரிடம் “தம்பி, வண்டியை இங்கே விட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்” என்று சொல்ல ஒரு பெரியவர். பாதிப் பேர் அதிலேயே கேட்டுக்கொள்வார்கள். இங்கிலாந்தில் 2002-இல் கொண்டுவந்தபோது அந்தச் சட்டமும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் அமைந்திருந்தது: போலீஸ் முதலில் எச்சரிக்க வேண்டும், மறுபடி செய்தால் வண்டியைப் பறிமுதல் செய்யலாம்.

பைக் ஓட்டும் ஆசையைத் தப்பென்று சொல்ல முடியாது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கப் போனார்கள். பிறகு அந்தக் கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனித் தடம் அமைத்து, 1990-இலிருந்து அங்கே நடத்துகிறது. வேகம் வேண்டும் என்பவர்களுக்கு அந்த மாதிரி இடம் இருக்கிறது என்று பலகையிலேயே எழுதலாம்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, பொருள் வரிசையில் சேர்க்கச் சொல்ல வேண்டும். சவுக்கு நாற்றுக்கும் அதே நாளில் சொல்லிவைத்தால் மழைக்கு முன் கைக்கு வந்துவிடும்.